கடைசிப் பாடத்தைப் பார்க்காதவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் லிஃப்டில் ஏற மாட்டார். ஏழு மாடி ஆனாலும் படியில்தான் ஏறுவார், படியில்தான் இறங்குவார். ஏன் என்று கேட்டால், "உள்ளே என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

பயந்த சுபாவம். வாசலில் யாராவது கதவைத் தட்டினால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார், நான் ஏதோ போலீசுக்குச் சொல்லி அனுப்பிய மாதிரி. நான் வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள். எனக்கு வாய் நீளம். அப்பாவுக்கு வந்திருக்க வேண்டிய தைரியமும் சேர்ந்து அம்மாவுக்கே வந்துவிட்டது என்று எங்கள் மகள் சொல்வாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிற வரைக்கும்.

முன்பு வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. ரொம்ப நாள் வீட்டில் சும்மா இருந்தார். அவர் வயசுக்கு யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் வாழ்நாள் கற்றல் வாரியத்தில் இடம் கிடைத்தது. இதுவும் போனால் வேறு கதி இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

வாரியம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். வளர்ந்தவர்களுக்குப் போன் வழியாகப் பாடம் நடத்துகிறது. கணக்கு, கணினி, முடிவெட்டுவது, முடிவெடுப்பது என்று எது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். கண்ணாடி பதித்த ஏழு மாடிக் கட்டடம். இரண்டு லிஃப்ட், அதில் ஒன்றில் 'பழுது' என்ற பலகை கட்டடம் திறந்த அன்றே மாட்டியது. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆள் உயர எழுத்தில் 'கற்றலுக்கு முடிவில்லை' என்று எழுதியிருக்கும். மற்ற இடங்களில் இதைப் படித்துவிட்டு ஆகா என்று போய்விடுவார்கள். இங்கே அது சட்டம்.

வாரியத்தில் வேலை செய்கிற யாரும் அவரவர் வேலை சம்பந்தமான படிப்பு ஒன்றை வாரியத்தின் ஆப்பில் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டிப் பெருக்குகிறவருக்கும் உண்டு, கணக்காளருக்கும் உண்டு. இவருக்கு 'மின்தூக்கிப் பராமரிப்பு', பன்னிரண்டு பாடம். வேலைக்குச் சேர்ந்த அன்று சாவிக்கொத்தை ஒப்படைத்த பழைய மெக்கானிக், இவரைப் படிக்கட்டின் அடியில் ஒதுக்கி நிறுத்தி ஒன்று சொன்னாராம். "பதினொண்ணு வரைக்கும் படி. பன்னிரண்டைத் தொடாதே. தொட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல."

பழைய மெக்கானிக் செய்த குற்றம் இதுதான். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, பன்னிரண்டு பாடத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். பிறகு போனை ஓரமாக வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மறு வாரமே தொடர்ச்சிப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். ஏன் படிப்பை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார்கள். முடிந்துவிட்டது என்றார். அதுதான், ஏன் நிறுத்தினீர்கள் என்றார்கள். அவர் மறுபடியும் முடிந்துவிட்டது என்றார். இப்படியே மத்தியானம் வரைக்கும் போனதாம். சாயங்காலம் அவரை 'ஊக்கம் இழந்தவர்' என்று வகைப்படுத்தி, புது ஆள் வந்ததும் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

இதற்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருக்கிறது. வாரியத்தின் இயக்குநர் பல வருஷம் பாடுபட்டுக் கண்டுபிடித்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் என்றைக்காவது ஒருநாள் திரும்பி வருகிறார்கள். முழுசாக முடித்தவர்கள் திரும்பி வருவதே இல்லை. ஆகவே, பெரியவர்கள் இணையவழிப் படிப்பைக் கைவிடுவதற்கு முதல் காரணம், அதை முடித்துவிடுவது. இந்த முடிவுக்காக அவருக்கு ஏதோ ஒரு நாட்டில் பதக்கம் கொடுத்தார்கள். கீழ் மாடியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் பதினொன்று வரைக்கும் போனார். நின்றார். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

ஆப்பைத் திறந்தால் மூலையில் ஒரு சின்ன விளக்குப் படம் எரியும். தினமும் பாடம் பார்த்தால் எரிந்துகொண்டிருக்கும். பார்க்காவிட்டால் மங்கும். மங்க ஆரம்பித்தால் செய்தி வரும். முதல் செய்தி, 'உங்களைக் காணவில்லையே' என்று கொஞ்சும். அடுத்தது, 'உங்கள் விளக்கு மங்குகிறது, எங்களுக்குக் கவலையாக இருக்கிறது' என்னும். அதற்கும் அடுத்தது வெறும் 'கவனிக்கிறோம்'. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவருடைய தாய்மாமன் செத்துப்போய்க் கிடந்தபோது, எல்லோரும் அழுது ஓய்ந்து அமைதியான நேரத்தில், இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்குரல், உங்களைக் காணவில்லையே என்றது. கூடியிருந்தவர்களுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. இவர் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் ஓடி, ஆறாம் பாடத்தை, கம்பிவடத்துக்கு எண்ணெய் இடும் முறையை, கண்ணீரோடு பார்த்துவிட்டு வந்தார்.

ஒரு நாள் சாப்பிடும்போது, அந்தப் பன்னிரண்டாம் பாடம்தான் என்ன என்று கேட்டேன். தலைப்பு மட்டும் தெரியும், 'மீட்பு' என்றார். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே எடுப்பது என்பதாம். எனக்குக் கையில் எடுத்தது கையிலேயே நின்றது. அப்படியென்றால் உங்களுக்கு அது தெரியாதா என்றேன். பழைய மாதிரி லிஃப்டாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவேன், இது புது மாதிரி, பிரேக்கைக் கூட கணினிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, தப்பாக ஒன்றைத் தொட்டால் பெட்டி நேராகக் கீழே போய்விடும் என்றார். சொல்லிவிட்டு, "யாரும் மாட்டாம இருக்கணும்னுதான் தினமும் வேண்டிக்கிறேன்" என்றார். ஏழு மாடிக் கட்டடத்துக்கு வாரியம் வைத்திருந்த பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான்.

தொடர்ச்சிப் பிரிவுக்கு ஒரு பெண் அதிகாரி உண்டு. எந்நேரமும் சிரித்த முகம். பழைய மெக்கானிக்கை வெளியே அனுப்பும்போதும் அப்படியே சிரித்தாராம். அதனால் ஆட்கள் அவருக்குப் 'புன்னகை' என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் ஒரு நாள் லிஃப்ட் மெஷின் அறைக்கே வந்து, படிப்பைத் தொடர உங்களைத் தூண்டுவது எது என்று கேட்டிருக்கிறார். அறிவுத் தாகம், சுயமுன்னேற்றம், கற்பதில் உள்ள இன்பம், மேற்சொன்ன அனைத்தும். இதில் ஒன்றைத் தொட வேண்டும். இவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பயம் என்று ஒன்று இருக்கிறதா மேடம் என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"முன்னாடி இருந்துச்சு. அதைப் போட்டா எல்லாரும் அதையே தொடறாங்க. ஆய்வு கெட்டுப்போகுதுன்னு எடுத்துட்டோம்" என்று புன்னகை சொன்னாராம். இவர் 'மேற்சொன்ன அனைத்தும்' தொட்டுவிட்டு வந்தார்.

அதன் பலனாகத்தான் விருது வந்தது. ஒரே படிப்பை இரண்டு வருஷமாகத் தணியாத தாகத்தோடு படித்துக்கொண்டிருக்கும் கற்பவர் என்று கணினி இவரைக் கண்டுபிடித்து, 'அணையா விளக்கு' என்ற பட்டத்துக்குத் தேர்வு செய்தது. விழா ஏழாவது மாடி அரங்கத்தில். குடும்பத்தோடு வர வேண்டும். மேடையில் பேச ஒரு பக்கம் எழுதியே அனுப்பியிருந்தார்கள். 'கற்பது என் மூச்சு' என்று ஆரம்பிக்கும். அதை இவர் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தபோது மூச்சு வாங்கியது. மகளுக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. நான் மட்டும் இருப்பதிலேயே நல்ல துணியை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கிளம்பினேன்.

இவர் காலையிலேயே போய்விட்டார். போகும்போது ஒரே ஒரு பேச்சு. "படியில வா." எனக்கு முட்டிவலி. இரண்டு மாடி ஏறினாலே உட்கார்ந்துவிடுவேன். ஆனாலும் படிப்பக்கம்தான் போனேன், பொய் சொல்லவில்லை. அதற்குள் வாசலில் கார் வந்து நின்று இயக்குநர் இறங்கினார். கூட வந்தவர்கள் என்னை யாரென்று சொன்னார்கள். விருதாளரின் துணைவியார் படியில் ஏறுவதா என்று அவர் பதறிப்போய், கூட வந்தவர்களைப் படியில் வரச் சொல்லிவிட்டு, என்னை லிஃப்டுக்குள் அழைத்துக்கொண்டார். பெரிய மனுஷர் கூப்பிடும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? கதவு சாத்திக்கொண்டது.

நல்ல உயரம், நல்ல கோட்டு. அக்குள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. தைத்தவன் துணியில் கை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இயக்குநர் ரொம்ப மரியாதையாக, வீட்டில் உங்கள் கணவரைப் படிக்கத் தூண்டுவது எது என்று கேட்டார். பயம் சார் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். உழைக்கும் மக்களின் நகைச்சுவை உணர்வே தனி என்றார். அவர் சிரித்து முடிக்கவில்லை, லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்தது. மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது.

என் வாயைப் பற்றி முதலிலேயே பீற்றிக்கொண்டேன் அல்லவா? அந்த இருட்டில் அது எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல என்று அவர் சொல்வது மட்டும் காதில் கேட்டது. இயக்குநர் எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்கினார். அப்புறம் கதவை அடித்தார். அடித்த அடியில் கோட்டின் அக்குள் தையல் பர்ரென்று விட்டது. யாராவது இருக்கிறீர்களா என்று அவர் கத்தின குரல் அவ்வளவு பெரிய பதவிக்குப் பொருத்தமாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே கதவு இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. ஆறாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. நான் உள்ளே இருக்கிறேன் என்றேன். மேலே சாவிக்கொத்து கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "படியிலதானே வரச் சொன்னேன்" என்றார். திட்டவில்லை. அழப்போகிற குரல் அது. அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையிலேயே உயிர்ப்பயம் வந்தது.

கதவைத் திறய்யா என்று இயக்குநர் சத்தம் போட்டார். இவர் அந்த நிலைமையிலும் சார் போட்டு, பதினோராம் பாடம் வரைக்கும்தான் தெரியும், ஆளை வெளியே எடுப்பது பன்னிரண்டில் இருக்கிறது என்று சொன்னார். அப்படியென்றால் அதைப் பார் என்றேன் நான். உடனே இன்னொரு குரல் குறுக்கே வந்தது. புன்னகை. இருட்டில் முகம் தெரியாவிட்டாலும் சிரித்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று தெரிந்தது. விழா இன்னும் ஆரம்பிக்கவில்லை, இவர் இப்போது படிப்பை முடித்துவிட்டால் விதிப்படி ஊக்கம் இழந்தவர் ஆகிவிடுவார், மேலே பத்திரிகைக்காரர்கள் வேறு உட்கார்ந்திருக்கிறார்கள், ஊக்கம் இழந்தவருக்கு அணையா விளக்கு கொடுத்தால் வாரியத்தின் மானம் என்ன ஆவது, சார்தான் சொல்ல வேண்டும் என்றார்.

இயக்குநர் யோசித்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தார். "வேற வழி ஏதாவது இருக்கா? பதினொண்ணுக்குள்ளேயே?" என்றார்.

அப்போது லிஃப்ட் ஒரு முழம் கீழே நழுவியது. நான் கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். இயக்குநர் என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பாடத்தைப் பார், பாடத்தைப் பார் என்று அலறினார்.

மேலே இவர் போனை எடுத்தார். பன்னிரண்டாம் பாடத்தைத் தொட்டால் அது சும்மா திறந்துவிடுமா? 'முடிக்கப் போகிறீர்களா? உங்களை இழக்க எங்களுக்கு மனமில்லை' என்று வந்ததாம். ஆம் என்று தொட்டார். 'நன்றாக யோசித்தீர்களா?' என்று வந்தது. ஆம். 'குடும்பத்தாரிடம் கலந்து பேசினீர்களா?' இவர் அதை இடுக்கு வழியாக எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பேசியாச்சு என்று போடுங்கள் என்று கத்தினேன். அதற்கு அப்புறம் ஒரு கருத்துக்கணிப்பு. அதைத் தாண்டாமல் பாடம் வராது. கேள்விகளை உருவாக்கியவர் இயக்குநர்தான். எந்தக் கேள்விக்கு எத்தனையாவது கட்டம் என்று இருட்டில் நின்றுகொண்டு அவரே சொல்லிக் கொடுத்தார். 'இந்தப் படிப்பைக் கைவிட உங்களைத் தூண்டுவது எது?' என்று கேட்டபோது மட்டும் அவருக்குப் பதில் தெரியவில்லை. நேரமின்மை என்று போட்டார்கள்.

கடைசியில் பாடம் திறந்தது. திறந்ததும் கணீரென்று ஒரு குரல். 'அன்பான கற்பவரே, வணக்கம்.' என் பக்கத்தில் நின்றவர் திடுக்கிட்டார். அது அவருடைய குரல்தான். தள்ளிவிட்டுப் போ, பாடத்துக்குப் போ என்றார். தள்ள முடியாது சார், உங்கள் உரையைத் தள்ளக்கூடாது என்று நீங்கள்தான் உத்தரவு போட்டிருக்கிறீர்கள் என்றார் புன்னகை.

கேட்டோம். அந்தக் காற்றில்லாத பெட்டிக்குள், வேர்வை கண்ணில் வழிய, அவர் பேசியதை அவரும் நானும் கேட்டோம். 'மீட்பு என்றால் என்ன? நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு மனிதன் மாட்டிக்கொண்டிருக்கிறான். அவனைச் சுற்றி அறியாமை என்னும் இருட்டு. அவன் கதவைத் தட்டுகிறான். அவனுக்கு அவசரமில்லை. ஏனென்றால் கற்றலில் அவசரம் கூடாது...' என்று நீண்டது. கூடாது என்று சொல்லும்போது லிஃப்ட் இன்னும் கொஞ்சம் இறங்கியது. எனக்கு என் மகள் முகம் வந்தது. பரீட்சை முடித்து வந்து யாரிடம் சாவி கேட்பாள் என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. பேச்சு கடைசியாக ஒரு வழியாக முடிந்தது. 'வாழ்த்துகள். நீங்கள் மீண்டுவிட்டீர்கள்' என்றது குரல். கைதட்டல் ஒலித்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

இவர் மேலே நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் சார், வேற ஒண்ணும் இல்ல சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தொட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பழைய மெக்கானிக் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அவ்வளவுதானா சார் என்று நான் இயக்குநரைக் கேட்டேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கடைசிப் பாடத்துக்கு யாரும் வரமாட்டாங்கன்னு எங்க ஆய்வு சொல்லிச்சு அம்மா" என்றார். "வராத பாடத்துக்கு எதுக்குச் செலவுன்னு..."

காவலாளி போன் போட்டு, தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். பெட்டியைப் பெரிய கொக்கி போட்டுக் கட்டி நிறுத்தி, மேலே கதவை நெம்பி, முதலில் என்னைத் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தவர் விடவில்லை. அடுத்து இயக்குநர். பாதி தூக்கியாயிற்று, இடுப்புக்கு மேல் வெளியே, கீழே உள்ளே. அந்த நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டிருந்த தீயணைப்புக்காரரின் பையிலிருந்து ஒரு பெண்குரல், உங்களைக் காணவில்லையே என்றது. அவரும் எங்கேயோ வாரியத்தின் படிப்பில் சேர்ந்திருக்கிறார், பாவம். ஒரு நிமிஷம் சார், விளக்கு அணைஞ்சிடும் என்று சொல்லி, ஒரு கையை எடுத்து போனைத் தொட்டார். இன்னொரு கையில் இயக்குநர் தொங்கினார். அவர் போட்ட சத்தம் ஏழாவது மாடிப் பத்திரிகைக்காரர்களுக்கும் கேட்டிருக்கிறது.

இதோடு இயக்குநர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? முகம் கழுவி, அக்குளைக் கையால் மறைத்துக்கொண்டு, நேராக மேடைக்குப் போனார். தண்ணீர் குடித்தார். பேசினார். அந்தப் பேச்சை நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். லிஃப்டுக்குள் பட்ட பயம் ஒன்றுமேயில்லை என்று ஆகிவிட்டது.

"இரண்டு வருஷமாக இந்த மனிதர் கடைசிப் பாடத்தைத் தொடவில்லை. இன்று தொட்டார். ஏன்? பரிசுக்காகவா? சான்றிதழுக்காகவா? இல்லை. உள்ளே அவருடைய மனைவி இருந்தார். என் வாழ்நாள் ஆராய்ச்சியில் இவ்வளவு தூய்மையான ஊக்கத்தை நான் பார்த்ததில்லை. அருமை நண்பர்களே, இப்பேர்ப்பட்ட ஊக்கத்தை நாம் விபத்தின் பொறுப்பில் விட்டுவிடலாமா?"

கைதட்டினார்கள். என் பக்கத்திலிருந்த அம்மாளும் தட்டினார். என் வீட்டுக்காரருக்கு அணையா விளக்கைக் கொடுத்து, படிப்பை முடித்த குற்றத்தை மன்னித்து, முதல் பாடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். வேலை தப்பித்தது. ஆனால் அடுத்த வாரமே 'பாசவழிக் கற்றல்' என்ற திட்டம் அமலுக்கு வந்தது. மாதம் ஒருநாள், கற்பவருக்கு மிக நெருக்கமான ஒருவரை லிஃப்டுக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்துவார்கள். ஒரு குப்பி தண்ணீரும் தருவார்கள். கற்பவர் அன்றைய பாடத்தைப் பார்த்து முடித்ததும் இறக்கிவிடுவார்கள். பதவி பார்த்து விதிவிலக்கு கிடையாது என்று இயக்குநரே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆப்பில் எல்லோருக்கும் ஒரே கேள்வி வந்தது. 'எப்போதும் உங்கள் நினைவில் இருப்பவர் யார்?' எதிரே பேர் எழுத ஓர் இடம்.

அன்றைக்கு இவர் சீக்கிரமே வந்துவிட்டார். நான் ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தேன். தையல் கோணிக்கொண்டு போக, பிரித்துப் பிரித்துத் தைத்தேன். அந்த இருட்டுப் பெட்டிக்குள் மறுபடி போக என்னால் முடியாது. ஆனால் நான் இல்லையென்றால் மகள் பேரைத்தான் எழுதுவார். அவளை அனுப்புவேனா? நானே போகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு, யார் பேரை எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். போனைப் பிடுங்கிப் பார்த்தேன்.

இயக்குநரின் பேர் இருந்தது.

எனக்கு முதலில் மூச்சு வந்தது. மறு நொடி கோபம் வந்தது. என்ன ஜென்மம் பாருங்கள் பெண் ஜென்மம். இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டு, சட்டைப் பொத்தான் முதல் கொண்டு தைத்துக் கொடுத்திருக்கிறேன், நினைவில் இருப்பவர் யார் என்றால் அந்த மனுஷனா என்று பிடித்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"உன் பேரை எழுதினா உன்னைத்தானே உள்ளே வைப்பாங்க? அவங்க கேள்விக்கு நானா யோசிச்சுப் போட்ட முதல் பொய் இதுதான். கண்டுபிடிச்சா வேலை போயிடும்." என் கையிலிருந்து போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். "போனா போகட்டும்."

நான் மெஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஊசியில் நூல் கோப்பது போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வாரியத்தில் பதில்களைத் திரட்டினார்கள். கூட்டிப் பெருக்குகிறவர், கணக்காளர், காவலாளி, புன்னகை உட்பட எல்லோரும் ஒரே பேரை எழுதியிருந்தார்கள். இயக்குநர் கண்கலங்கிவிட்டாராம். ஊழியர்கள் தன்மீது இவ்வளவு பாசம் வைத்திருப்பது தெரியாமல் போய்விட்டதே என்று உருகி, அன்றே பத்திரிகைகளுக்குச் சொல்லி அனுப்பினார். எல்லாம் அச்சில் வந்த பிறகுதான், அப்படியென்றால் சார், லிஃப்டில்... என்று புன்னகை ஆரம்பித்தாராம். அவர் சிரிக்காமல் பேசி ஆட்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரமே பன்னிரண்டாம் பாடம் தயாரானது. லிஃப்ட் செய்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து எடுத்துக் கொடுத்தார். வரவேற்புரை இல்லை, கருத்துக்கணிப்பு இல்லை, முடித்தால் குற்றமும் இல்லை. எந்தச் சுவிட்சை முதலில் அணைப்பது, எந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றுவது, எதைத் தொடவே கூடாது என்று சுருக்கமாக, எனக்கே புரிகிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுதும் பார்த்தார். மறுநாள் போய் ஆளில்லாத பெட்டியில் செய்தும் பார்த்தார்.

குறித்த நாளில் இயக்குநரை நாற்காலியோடு உள்ளே உட்காரவைத்து, நடு மாடியில் நிறுத்தினார்கள். இவர் வெளியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "பாடத்தை முடிச்சிட்டீங்களா?" என்று குரல் வந்ததாம். அந்த வாரியத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று காவலாளி சொன்னார்.

"பதினொண்ணு வரைக்கும், சார்" என்று இவர் சொன்னாராம்.

பழக்கத்தில் வந்துவிட்டதா, வேண்டுமென்றே சொன்னாரா என்று இன்றுவரைக்கும் என்னிடம் சொல்லவில்லை. உள்ளே எழுந்த சத்தம் அடங்கும் வரை பொறுத்திருந்து, பாடத்தில் சொன்னபடி சக்கரத்தைச் சுற்றி, பத்திரமாகத்தான் இறக்கிவிட்டிருக்கிறார். பாசவழிக் கற்றல் அன்றோடு நின்றது. அன்று சாயங்காலம் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்துபோய்த் திறந்தார்.